மலை வலக்கைப் பக்கம்

வேணு சார் என்னை எத்தனையோ முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான், என் வாய். வாயாடி என்று வீட்டிலேயே எனக்குப் பெயர் உண்டு. ஆனால் கணக்கு வகுப்பில் நான் பேசியது ஊர்வம்பு இல்லை. சார் கரும்பலகையில் எழுதுவதை வரி வரியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மணிமொழி அதைக் காதில் வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

மணிமொழிக்குப் பிறவியிலேயே உடம்பில் நிறம் கிடையாது. தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. வெயிலைக் கண்டால் கண் கூசும். புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். கண்ணாடி போட்டிருந்தாள், அது பாதி வேலையைத்தான் செய்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை போடுகிற வீட்டுப் பெண். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

ரமணாசிரமம் பக்கம் அவளோடு நடந்து போவது ஒரு தனி கூத்து. வெள்ளைக்காரர்கள் நிறைய வந்து தங்குகிற இடம். ஆட்டோக்காரர்கள் இவளைப் பார்த்ததும் ஓடி வருவார்கள். "மேடம், ஆட்டோ? கிரிவலம் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி!"

"யோவ், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு இன்னிக்கு எங்க நிக்குது, அத்த சொல்லு மொதல்ல" என்பாள் இவள். அந்த ஆள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். எல்லா நாளும் சிரித்தாள் என்று சொல்ல முடியாது.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் முதல் வருஷம், கம்ப்யூட்டர் பிரிவு. பெயர்தான் கம்ப்யூட்டர். முதல் வருஷத்தில் கணினியைத் தொட்டதைவிடக் கணக்கு நோட்டைத் தொட்டதுதான் ஜாஸ்தி. முதல் பருவத்துக் கணக்கில் மணிமொழி ஃபெயில். இரண்டாம் பருவத்து உள்தேர்வுகள் இரண்டிலும் ஒற்றை இலக்க மார்க். என் முணுமுணுப்பில் எவ்வளவுதான் ஏறும்? கணக்கில் பாதி படம். படத்தை எப்படி முணுமுணுப்பது?

"சார்கிட்ட சொல்லிடுடீ. போர்டு சுத்தமா தெரியலனு சொல்லு" என்று நான் அடித்துக்கொள்வேன்.

"சொன்னா இன்னா பண்ணுவாரு? ஐயோ பாவம்பாரு. அப்புறம் வேற படிப்பு படிக்கச் சொல்லுவாரு. நீ வாயத் தொறந்து வச்சுடாத."

வேணு சார் கணக்குத் துறைத் தலைவர். அவளுக்குக் கண் கொஞ்சம் மந்தம் என்று அவருக்குத் தெரியும். அதற்காக முதல் பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார வைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஜன்னல் வழியாக வெளிச்சம் கொட்டியதில் அவளுக்கு இருந்த கொஞ்சப் பார்வையும் கூசிப் போனது. அவர் எழுத்தோ அச்சில் வார்த்த மாதிரி அழகு, அரிசி மாதிரி பொடி.

காட்பாடியிலிருந்து இளஞ்செழியன் சார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தது அந்த வருஷம்தான். அவரும் கணக்குதான், ஆனால் சாக்பீஸை அதிகம் தொடமாட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் ஒரு தளம் நடத்தியது. உள்ளே போய் நாலு வரி நிரல் எழுதினால், அங்கே இருக்கிற மெஷின் கணக்கைப் போட்டு, படமும் வரைந்து நம் திரைக்கு அனுப்பிவிடும். நம் கணினியில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை எங்களை லேபுக்கு அழைத்துப் போய் அதில் கணக்குப் போட வைத்தார். நெட் ஆமை மாதிரி நகரும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வகுப்பே காத்துக்கிடந்தது.

காரணம் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் தமிழ் மீடியம். செங்கத்துப் பக்கத்திலிருந்து வந்த சக்திவேலை எழுப்பி ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொன்னால், சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்துவிடும். லேபில் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். தப்பாக எழுதினால் சிவப்பில் ஒரு வரி வரும், அதுவும் நம் திரையில் மட்டும். திருத்தி எழுதினால் போச்சு, யாருக்கும் தெரியாது. எண்களுக்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சார் சொன்னதிலிருந்து சக்திவேல் எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தில் 'கோழி' என்று பெயர் வைத்தான். கோழி ஒன்று, கோழி இரண்டு. மெஷின் கோபித்துக்கொள்ளவே இல்லை.

முதல் நாளே மணிமொழி திரையில் மூக்கை வைத்து உட்கார்ந்திருந்ததை இளஞ்செழியன் சார் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து இரண்டு பொத்தானை அழுத்தினார், எழுத்து பெரிதானது. மறுபடி அழுத்தினார், இன்னும் பெரிதானது. அப்புறம் ஏதோ மாற்றினார், திரை கறுப்பாகி எழுத்து வெள்ளையானது. மணிமொழி மெல்லப் பின்னால் சாய்ந்தாள். நாற்காலியில் முதுகு பட அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். 

"வரிக்கு முன்னாடி இந்த வேலி மாதிரி குறி போட்டா, அந்த வரிய மெஷின் கண்டுக்காது" என்று எல்லோருக்கும் சொன்னார் சார். "அது நமக்கு நாமே பேசிக்கறது. தமிழ்ல பேசினாலும் சரி."

"உனக்குன்னே கண்டுபுடிச்சிருக்காங்கடீ" என்றாள் மணிமொழி என்னிடம்.

ஒரு மாதம் போனது. லேபில் அவள் போட்ட கணக்குகள் சரியாக வந்தன. ஆனால் உள்தேர்வு தாளில்தானே! அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு வேணு சார் அவளை அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்கும் நான் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன், அவர் அறை பக்கத்திலேயே இருந்தது, எல்லாம் காதில் விழுந்தது.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். கண்ண இவ்ளோ வருத்திக்கிட்டு இந்தப் படிப்பு எதுக்கு? ஆர்ட்ஸ் காலேஜ்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. பி.ஏ. சேந்துக்க. நீ சொல்லச் சொல்ல வேற ஒருத்தங்க பரீட்சை எழுதுவாங்க. வெள்ளிக்கிழமை அப்பாவ வரச் சொல்லு. டி.சி. வாங்கறதப் பத்திப் பேசிடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நல்லவர், அதுதான் என் ஆத்திரமே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். இவ்வளவு அன்பாக ஒரு பெண்ணை வெளியே அனுப்புகிறவரை என்ன செய்வது?

நான் நேராக இளஞ்செழியன் சாரிடம் ஓடினேன். அவர் வேணு சாரிடம் போய் நின்றார். மூன்றாவது உள்தேர்வை மட்டும் மணிமொழி கணினியில் எழுதட்டும் என்று கேட்டார்.

"மெஷின் கணக்கு போட்டா, இவ இன்னா போட்டா?" என்றார் வேணு சார். "மெஷினுக்கு மார்க் குடுக்கவா நான் இருக்கேன்?" கடைசியில் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை லேபில் ஒரே ஒரு கணக்கு. அவரே நின்று பார்ப்பார். யோசித்துப் போட்டிருக்கிறாள் என்று தோன்றினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் டி.சி. இளஞ்செழியன் சார் அங்கே வாயைத் திறக்கக் கூடாது.

அந்தச் செய்தியை மணிமொழியிடம் சொன்னபோது அவள் தலையாட்டவில்லை. "எனக்கு மட்டும்னா வேணாம் சார். எல்லாருக்கும் வைங்க. இல்லனா, பாவம்னு ஒரு பரீட்சை வச்சாங்கனு ஆயிடும்." அப்படித்தான் வகுப்பே பரீட்சை எழுதும்படி ஆயிற்று. சக்திவேல் என்னை முறைத்தான்.

வியாழக்கிழமை பௌர்ணமி. ஊரில் பஸ் எல்லாம் சுற்றுவழி. நாங்களும் கூட்டத்தோடு கூட்டமாக மலையைச் சுற்றினோம், மணிமொழி அவள் அப்பாவோடு. மறுநாள் காலையில் லேபில் பாதிப் பேர் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேணு சார் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். அவர் எந்தப் பௌர்ணமியையும் விடுகிற ஆள் இல்லை. லேப் வாசல்படியில் மணிமொழியின் அப்பா சடையன் உட்கார்ந்திருந்தார். சாருக்காக ஒரு மஞ்சள் பையில் மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். மகளை வீட்டுக்கு அழைத்துப் போகத் தயாராக வந்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

இளஞ்செழியன் சார் தயாரித்திருந்த கேள்வி இதுதான். கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம் இருக்கிறது இல்லையா? வரைபடத்தில் அளந்து, எட்டுக்கும் எண்கள் கொடுத்திருந்தார், மலை உச்சிதான் பூஜ்யம். வரிசை கொடுக்கவில்லை. 'இந்த எட்டு இடங்களையும் வரிசைப்படுத்தி, பாதைக்கு உள்ளே எவ்வளவு பரப்பு என்று கிரீன் தேற்றத்தை வைத்துக் கண்டுபிடி.' ஓர் இடத்தின் எல்லையைச் சுற்றி நடந்தாலே உள்ளே எவ்வளவு பரப்பு என்று சொல்லிவிடலாம், அந்தத் தேற்றத்தின் சாரம் அவ்வளவுதான்.

எங்களுக்கு வரிசையா தெரியாது? முந்தின நாள்தானே ஒவ்வொன்றிலும் நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தோம்! இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். லேப் முழுக்க விரல்கள் படபடவென்று தட்டின. விடை வந்தது. பக்கத்துத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தேன், அதே விடை. எனக்கு நிம்மதி.

அப்புறம் மணிமொழியின் திரையைப் பார்த்தேன்.  எண் அதேதான், ஆனால் எங்கள் எல்லோருடைய எண்ணுக்கும் முன்னால் ஒரு மைனஸ் இருந்தது, அவளுடையதற்கு இல்லை. பழக்க தோஷம், உதடு அசையாமல் முணுமுணுத்தேன். "எல்லாருக்கும் மைனஸ் வந்திருக்குடீ. உன்னுது தப்பு. மாத்து."

அவள் திரும்பவே இல்லை. "நீ உன்னுதப் பாரு" என்றாள்.

வேணு சார் முதல் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு திரை, அடுத்த திரை, அடுத்தது. முகம் சிவந்துகொண்டே வந்தது. சக்திவேல் பின்னால் நின்றார்.

"ஏம்ப்பா, உங்க வீட்டு மனை எத்தன சென்ட்டு?"

"மூணு சார்."

"மைனஸ் மூணா, ப்ளஸ் மூணா?"

சக்திவேலுக்கு வியர்க்க ஆரம்பித்தது.

"பரப்பு எங்கயாவது மைனஸ்ல வருமா? மெஷின் சொல்லிடுச்சு, நீங்க ஒத்துக்கிட்டீங்க. ஒருத்தனாவது யோசிச்சீங்களா? புத்தகத்துல இன்னா இருக்கு? எல்லை மேல நடந்தா உள்பக்கம் இடது கைப் பக்கம் இருக்கணும். தொண்டை கிழியக் கத்தினேனே! கிளாஸ் மொத்தமும் ஒரே தப்பப் பண்ணியிருக்கு. காப்பி அடிச்சீங்களா, இல்ல மூளைய அடகு வச்சீங்களா?" அவர் இளஞ்செழியன் சார் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தான் சார் நான் வேணாம்னேன்."

இளஞ்செழியன் சார் பேசக் கூடாதே. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. வேணு சார் சொன்னதில் தப்பும் இல்லை. நாங்கள் யோசிக்கத்தான் இல்லை. கடைசியாக அவர் மணிமொழியிடம் வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மெல்லக் கண்ணைத் திறந்தேன். வேணு சார் அவள் திரையைப் படித்துக்கொண்டிருந்தார். கறுப்புத் திரையில் கட்டைவிரல் அளவு வெள்ளை எழுத்து, அவர் கண்ணாடி இல்லாமலே படித்திருக்கலாம். வரிசை எங்களுடையதேதான். ஆனால் கடைசி வரியில் விடைக்கு முன்னால் அவளே ஒரு மைனஸ் போட்டிருந்தாள். மைனஸும் மைனஸும் சேர்ந்து ப்ளஸ் ஆகியிருந்தது. அதற்கு மேலே அந்த வேலிக் குறியும், ஆங்கில எழுத்தில் தமிழும்: 'வலமா சுத்தினோம். அதனால மைனஸ் வரும். திருப்பிக்கணும்.'

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். மொதல்ல எனக்கும் மைனஸ்தான் வந்துச்சு. படம் போடச் சொல்லிப் பாத்தேன். ஒவ்வொரு புள்ளியா பெருசு பண்ணிப் பாத்தேன்."

"வரிசைய அப்படியே திருப்பிப் போட்டிருக்கலாமே? அதுதான சுலபம்?"

மணிமொழி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மலைய யாரு சார் இடமா சுத்துவாங்க?"

லேபே சிரித்துவிட்டது. வேணு சாருக்கும் உதடு கோணியது, அடக்கிக்கொண்டார். "அது சரி. ஆனா நாப்பது பேருக்குத் தோணாதது உனக்கு எப்படித் தோணுச்சு?"

அவள் வலக்கையை மட்டும் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டினாள்.

"நேத்து அப்பா கூட நடந்தேன் சார். நிலா வெளிச்சத்துல எனக்குக் கண்ணு கூசாது. ஆனா எதிர்ல வர்ற ஆளு தெரியாது, கடை தெரியாது. இந்தக் கைப் பக்கம் மட்டும் பெருசா, கருப்பா ஒண்ணு கூடவே வரும். தூரத்துல இருக்கறதுல எனக்குத் தெரியறது அது ஒண்ணுதான் சார். அது எந்தப் பக்கம் இருக்குதுனு எனக்கு எப்பவும் தெரியும். புத்தகம் இடது கைங்குது. எனக்கு வலது கையிலதான் இருக்குது."

 வேணு சார் தன் பிளாஸ்திரி ஒட்டிய காலைப் பார்த்தார். "நானும் நேத்து அப்படித்தான சுத்திட்டு வந்தேன்" என்றார் தனக்குள். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "தூரத்துல மலை ஒண்ணுதான் தெரியும்னா, போர்டு?"

"கருப்பா ஒரு செவுரு தெரியும் சார்."

"அப்ப இத்தன நாளா நோட்டுல எழுதினது?"

"அன்பு படிச்சு சொல்லுவா சார். நீங்க எழுத எழுத."

வேணு சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே போ என்று அவர் கை காட்டிய நாளெல்லாம் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.  

நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். சடையன் பதறி எழுந்தார்.

"பொண்ணக் கூட்டினு போலாங்களா சார்?"

"எங்க கூட்டினு போறீங்க? மத்தியானம் அவளுக்கு கிளாஸ் இருக்கு."

"நீங்கதான சார், கண்ணுக்கு ஆவாது, வேற படிப்புனு..."

"சொன்னேன். அவ கண்ணுல கோளாறு இருக்கு, கணக்குல இல்ல. அது எனக்குத் தெரியாம போச்சு." இரண்டு கைகளையும் நீட்டி அந்த மஞ்சள் பையை வாங்கிக்கொண்டார். சடையன் அங்கேயே நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், அப்ப எங்க மார்க்கு?" என்று உள்ளேயிருந்து சக்திவேல் குரல் கொடுத்தான்.

"நீ மொதல்ல மனைய அளந்துட்டு வா!"

மணிமொழி இனிமேல் உள்தேர்வைத் திரையிலேயே எழுதலாம் என்று அன்றே முடிவானது. இணையக் கணக்கு வகுப்பும் வாரத்துக்கு இரண்டானது.

திங்கட்கிழமை முதல் வகுப்பே வேணு சார். ஜன்னலோரத்திலிருந்து மணிமொழியை உள்பக்கம் மாற்றி உட்காரச் சொன்னார். நானும் கூடவே நகர்ந்தேன். அவர் பலகையில் எழுத ஆரம்பித்தார், அதே பொடி எழுத்து. நானும் வழக்கம்போல முணுமுணுக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி போயிருக்காது, சாக்பீஸ் நின்றது.

"அன்புச்செல்வி. எழுந்திரு."

பழகிப்போன உத்தரவு. புத்தகத்தை மூடி, பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

"எங்க போற? உன் இடத்துலயே நில்லு." அவர் பலகையைக் காட்டினார். "எதுக்கு முணுமுணுக்கற? சத்தமா படி. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்."

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து வாய் ஓயாத எனக்கு அன்றைக்குப் பார்த்துப் பேச்சு வரவில்லை. பலகை கலங்கித் தெரிந்தது, ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

மணிமொழி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முழங்கையில் இடித்தாள்.

"படிடீ. நான் எழுதணும்."